தகப்பன் தின்ற திராட்சக்காய்: தலைமுறையாகத் தொடரும் பாவப் பழக்கங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள கேள்விகள் மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோர ஊர்களிலும் வீட்டு ஜெபக்கூட்டங்கள் முடிந்து, தேத்தண்ணீர்க் கோப்பைகளைச் சேகரிக்கும் நேரத்தில், பெரும்பாலும் மற்றவர்கள் எழுந்துபோன பிறகு, தாழ்ந்த குரலில் கேட்கப்பட்டவை. கேட்டவர்களில் மெதடிஸ்தரும் கத்தோலிக்கரும் சுயாதீன சபையினரும் இருந்தார்கள். நான் போதகர் அல்ல. சபையின் சார்பில் வீடுகளைச் சந்திக்கும் ஒருவன். வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே தந்திருக்கிறேன். யாத்திராகமம் என்று நான் எழுதுவதைக் கத்தோலிக்க வாசகர்கள் விடுதலைப் பயணம் என்று அறிவார்கள்.

தலைமுறைப் பாவம் என்று எதைச் சொல்கிறீர்கள்? ஜென்மபாவமும் அதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. ஜென்மபாவம் ஆதாமின் வழிவந்த எல்லாருக்கும் பொதுவானது. அதில் என் வீடு, உங்கள் வீடு என்ற வேறுபாடு கிடையாது. இங்கே பேசப்படுவது, ஒரு வீட்டில் ஒரே பாவம் அப்பப்பாவிடமும் அப்பாவிடமும் மகனிடமும் ஏறக்குறைய ஒரே உருவத்தில் தலைகாட்டுவதைப் பற்றியது. குடி, கைநீட்டுதல், பொய், கடன் வாங்கி மறைத்தல், கூடப்பிறந்தவருடன் வருடக்கணக்கில் பேசாமலிருத்தல் ஆகியவற்றை நான் அதிகமாகக் கண்டிருக்கிறேன். கடைசியாகச் சொன்னதைப் பலர் பாவமாகவே எண்ணுவதில்லை. அதை மானம் என்கிறார்கள்.

ஆதியாகமத்தை ஒரே மூச்சில் வாசித்தால் இது தெளிவாகத் தெரியும். ஆபிரகாம் பயத்தினால் தன் மனைவியைச் சகோதரி என்று இரண்டு தடவை சொல்லுகிறான் (12, 20ஆம் அதிகாரங்கள்). ஈசாக்கும் கேராரில் அதையே சொல்லுகிறான் (26). ஈசாக்கின் மகன் யாக்கோபு வெள்ளாட்டுக்குட்டித் தோலைக் கையில் கட்டிக்கொண்டு தகப்பனை ஏமாற்றுகிறான் (27). யாக்கோபின் பிள்ளைகள் யோசேப்பின் அங்கியை வெள்ளாட்டுக்கடாவின் இரத்தத்தில் தோய்த்துத் தங்கள் தகப்பனை ஏமாற்றுகிறார்கள் (37). ஏமாற்றுவதற்குப் பயன்படுத்திய மிருகம்கூட மாறவில்லை.

எங்கள் பக்கத்தில் குடி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதை எல்லாரும் அறிவோம். ஒன்று தாய்வழியாக வருகிறது. எந்தக் குடி என்று கேட்டால் பிள்ளை தாயின் குடியைச் சொல்லும். மற்றது போத்தலில் இருப்பது. அது எந்த வழியாக வருகிறது என்பதுதான் இந்தப் பக்கம் முழுவதற்கும் அடிப்படையான கேள்வி.

மூன்றாம் நான்காம் தலைமுறை வரைக்கும் விசாரிப்பேன் என்று தேவனே சொல்லியிருக்கிறாரே. என் அப்பப்பா செய்ததற்கு நான் தண்டனை அனுபவிக்கிறேனா?

இந்த வசனத்தைப் பாதியாக மேற்கோள் காட்டுவது ஒரு வழக்கமாகிவிட்டது. யாத்திராகமம் 20:5 "என்னைப் பகைக்கிறவர்களைக்குறித்து" என்று சொல்லியே பிதாக்களின் அக்கிரமத்தைப் பேசுகிறது. அடுத்த வசனமோ தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்கு ஆயிரம் தலைமுறைமட்டும் இரக்கம் என்கிறது. நாலையும் ஆயிரத்தையும் தராசில் வைத்துப் பார்க்காமல் நாலை மட்டும் தூக்கிப் பிடித்துப் பயமுறுத்துவது நியாயமல்ல. அக்காலத்தில் மூன்று நான்கு தலைமுறைகள் ஒரே குடும்பமாய்க் கூடி வாழ்ந்தன என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மூத்தவர் செய்வதைக் கொள்ளுப்பேரன் கண்ணால் காண்கிற வீட்டில், அவருடைய பாவத்தின் விளைவு அவன் தலையிலும் விழத்தான் செய்யும்.

ஆனால் விளைவு வேறு, குற்றம் வேறு. பிதாக்களுக்காகப் பிள்ளைகள் கொலைசெய்யப்படக் கூடாது என்று மோசேயின் நியாயப்பிரமாணமே தடுக்கிறது (உபாகமம் 24:16). பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்கள் தங்கள் நிலைக்கு முன்னோரைக் குற்றஞ்சாட்டி, "பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின" என்று ஒரு பழமொழியைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, இனி அதைச் சொல்லவே கூடாது என்று கர்த்தர் எசேக்கியேலைக் கொண்டு நிறுத்தினார். "குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை" என்ற வாக்கியம் அந்த 18ஆம் அதிகாரத்தில்தான் இருக்கிறது. அதே அதிகாரத்தின் 14ஆம் வசனத்தை நான் வீடுகளில் கூடுதலாக வாசிப்பதுண்டு. அங்கே ஒரு மகன் தன் தகப்பன் செய்த பாவங்களையெல்லாம் கண்டு, அவற்றின்படி செய்யாதபடி எச்சரிக்கையாயிருக்கிறான். முதலில் காண்கிறான், பிறகுதான் விலகுகிறான். எங்கள் வீடுகளில் பெரும்பாலும் நடக்காமல் போவது அந்த முதற்காரியம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26க்குப் பிறகு, கடல் வந்தது எங்கள் முன்னோரின் பாவத்துக்காகவா என்று கல்லடியிலும் காரைதீவிலும் கேட்டவர்கள் உண்டு. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று இயேசு கேட்டு, இல்லை என்று தாமே பதில் சொன்னார் (லூக்கா 13:4,5). பிறவிக்குருடனைக் குறித்து, இவன் செய்த பாவமா பெற்றோர் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோதும் அவர் இரண்டையும் மறுத்தார் (யோவான் 9:3).

எங்கள் குடும்பத்தில் யாரோ செய்வினை செய்திருக்கிறார்கள், அதனால்தான் ஆண்கள் உருப்படுவதில்லை என்கிறார்கள். கட்டு உடைக்கும் ஜெபம் செய்ய வேண்டுமா?

மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் சொல்வது பகடியாக இருந்தாலும், மந்திரத்தைப் பற்றிய பயம் எங்கள் ஊர்களில் பகடி அல்ல. வாசற்படிக்கு அடியில் தகடு புதைத்திருக்கிறதென்று நம்பி வீட்டையே விற்றவர்கள் இருக்கிறார்கள். தீய ஆவிகள் இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. "காரணமில்லாமலிட்ட சாபம் தங்காது" என்று நீதிமொழிகள் 26:2 அலைகிற குருவியை உவமை காட்டிச் சொல்லுகிறது; கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நம்மை மீட்டுக்கொண்டார் என்று கலாத்தியர் 3:13 சொல்லுகிறது. சிலுவையில் தீர்ந்ததைத் தீர்ப்பதற்கு விசேஷக் கட்டணமோ, விசேஷ எண்ணெயோ, விசேஷ ஊழியரோ வேண்டியதில்லை. குடும்பத்தின் ஏழு தலைமுறைப் பெயர்களை எழுதிக் கொடுக்கச் சொல்லி, பெயருக்கு இவ்வளவு என்று காணிக்கை கேட்பவரிடம் போகாதீர்கள்.

ஒன்றை மட்டும் கவனித்திருக்கிறேன். செய்வினை என்று சொல்லும் வீட்டில், மாமாவின் கை யாருடைய கன்னத்தில் விழுந்தது என்ற பேச்சு எழுவதேயில்லை. சாபத்தின் மேல் பழியைப் போட்டால் மாமாவின் மேல் போட வேண்டியதில்லை.

குடி இரத்தத்தில் வருகிறதென்று வைத்தியர்களே சொல்கிறார்கள். அப்படியானால் அது நோயா, பாவமா?

இரட்டையர்களையும் தத்துப்பிள்ளைகளையும் வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, மதுவுக்கு அடிமையாகும் இயல்பில் ஏறக்குறைய பாதி பரம்பரையிலிருந்து வருகிறது. மீதிப் பாதி வளர்ப்பு, சூழல், கையில் கிடைக்கும் வசதி. குடிகாரனின் மகன் குடிக்கத்தான் வேண்டும் என்பது இதற்கு அர்த்தமல்ல. மற்றவன் இரண்டு கிளாஸில் நிறுத்தக்கூடிய இடத்தில் இவனால் நிறுத்த முடியாமல் போகும் வாய்ப்பு அதிகம் என்பதே அர்த்தம். ஆகவே இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு முதல் கிளாஸை யாரும் பகடிக்கு ஊற்றிக் கொடுக்கக் கூடாது. நோயா பாவமா என்று கேட்டால், இரண்டும் கலந்தது என்பதே என் பதில். நோயென்று சொன்னால் மனந்திரும்ப வேண்டியதில்லை என்பதோ, பாவமென்று சொன்னால் மருந்து வேண்டியதில்லை என்பதோ சரியல்ல.

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: பல வருடங்களாகத் தினமும் கசிப்போ சாராயமோ குடித்த ஒருவர், ஜெபக்கூட்டத்தில் தொடப்பட்டு அன்றிரவே ஒரேயடியாக நிறுத்தினால், முதல் இரண்டு மூன்று நாட்களில் கைநடுக்கம், வலிப்பு, இல்லாததைக் காணும் புத்தித்தடுமாற்றம் வரலாம், அது உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். அதைப் பேய் ஆடுகிறது என்று எண்ணிச் சுற்றி நின்று ஜெபித்துக்கொண்டிருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். நிறுத்துவதற்கு முன்பே வைத்தியரைக் காண்பது இன்னும் நல்லது. வழி தெரியாவிட்டால் தேசிய மனநல உதவி இலக்கமாகிய 1926க்கு அழைக்கலாம்.

ஞானஸ்நானம் பெற்றுப் பத்து வருடமாகிறது. எல்லாம் புதிதாயின என்கிறார்கள், ஆனால் என் கோபம் அப்படியே அப்பாவின் கோபமாக இருக்கிறது. என் இரட்சிப்பு உண்மையில்லையா?

படுவான்கரையில் வயல் செய்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீருக்குப் புதிய வாய்க்கால் வெட்டியாகிவிட்டது, மதகும் திறந்தாகிவிட்டது. ஆனால் பழைய வாய்க்கால் அறுபது வருடம் தண்ணீர் ஓடிப் பள்ளமான வாய்க்கால். அதன் வாயை மண் வெட்டிப் போட்டு அடைக்காத வரைக்கும் தண்ணீர் அதற்குள்ளேதான் இறங்கும். அடைத்த பிறகும் பெருமழைக்கு வரம்பு உடைத்துக்கொண்டு அங்கேயே போகப் பார்க்கும். அதைக் கண்டு புதிய வாய்க்கால் பொய் என்று எந்த விவசாயியும் சொல்லுவதில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்குகிறான்.

2 கொரிந்தியர் 5:17இல் பவுல் சொன்ன புதுச்சிருஷ்டி உண்மை. அதே பவுல் எபேசியருக்கு எழுதும்போது, ஏற்கெனவே விசுவாசிகளாயிருந்தவர்களைப் பார்த்து, பழைய மனுஷனைக் களைந்துபோடுங்கள் என்றும் புதிய மனுஷனைத் தரித்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லுகிறார். களைவதற்கு ஒன்றும் மிச்சமில்லையென்றால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். குற்றம் ஒரே நாளில் மன்னிக்கப்படுகிறது. தடம் அழிவதற்குக் காலம் எடுக்கிறது. பேதுருவின் முதலாம் நிருபம் "முன்னோர்களால் பாரம்பரியமாய் நீங்கள் அநுசரித்துவந்த வீணான நடத்தை" என்று இதைத்தான் குறிக்கிறது என்று நினைக்கிறேன். அதிலிருந்து மீட்கக் கொடுக்கப்பட்ட விலை கிறிஸ்துவின் இரத்தம் என்று அடுத்த வசனம் சொல்லும்போது, அந்த நடத்தை எவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது என்பதும் தெரிகிறது.

எங்கிருந்து தொடங்குவது?

பார்ப்பதிலிருந்து. என்னுடைய அனுபவத்தையே சொல்கிறேன். என் அப்பா குடிப்பவர் அல்ல. சாப்பாட்டு நேரத்தில் கத்துபவர். குழம்பில் உப்புக் கூடினால் தட்டைத் தள்ளிவிட்டு, "இந்த வீட்டில் மனிசன் சாப்பிடுவானா?" என்பார். நான் அப்படி இருக்க மாட்டேன் என்று பதினைந்து வயதில் சபதம் செய்தவன். நாற்பது வயதில் ஒரு மத்தியானம், மீன் குழம்பை வாயில் வைத்ததும் அதே வாக்கியம், அதே ராகத்தில், என் வாயிலிருந்து வந்தது. எதிரே இருந்த மகனுக்கு அப்போது ஏழு வயது. அவன் ஒன்றும் பேசவில்லை. தன் தட்டை இரண்டு விரலால் மெல்ல மேசையின் ஓரத்துக்கு, தன் நெஞ்சோடு சேர்த்து இழுத்துக்கொண்டான். நானும் அந்த வயதில் அப்படித்தான் இழுப்பேன். அந்த இரண்டு விரலைக் கண்ட நாளையே என் மனந்திரும்புதலின் நாள் என்று கணக்கு வைத்திருக்கிறேன், ஞானஸ்நானம் அதற்குப் பல வருடங்களுக்கு முன் நடந்திருந்தாலும்.

ஆரையம்பதிப் பக்கத்தில் ஒரு வீட்டில், தகப்பன் சைக்கிளை நிறுத்தும்போது ஸ்டாண்டை ஒரே தட்டில் போடுகிறாரா, இரண்டு மூன்று தட்டில் போடுகிறாரா என்பதைக் கேட்டே அன்றைய இரவு எப்படியிருக்கும் என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். அவர்களின் தாயும் சின்ன வயதில் தன் தகப்பனின் சைக்கிளுக்கு அப்படியே காது கொடுத்தவர். சங்கிலி குடிப்பவரிடம் மட்டும் இல்லை என்பதை அந்த வீட்டில்தான் விளங்கிக்கொண்டேன். ஒளிவதும், மறைப்பதும், மறுநாள் காலையில் ஒன்றும் நடக்காததுபோல் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பதும் அதே சங்கிலியின் வளையங்கள்.

ஆகவே ஒரு கொப்பியை எடுத்து, உங்களுக்குத் தெரிந்தவரை அப்பா பக்கமும் அம்மா பக்கமும் எழுதிப் பாருங்கள். எங்கள் பகுதியில் கலியாணம் முடித்தவன் பெண் வீட்டுக்குப் போய் வாழ்வதால், பிள்ளைகள் அம்மம்மா வீட்டுப் பழக்கத்திலேயே வளர்கிறார்கள். அந்தப் பக்கத்தை விட்டுவிட வேண்டாம். யார் எதைச் செய்தார் என்பதோடு, எந்த நேரத்தில், எதற்குப் பிறகு என்பதையும் எழுதுங்கள். சம்பள நாளா, தோணி வெறுமையாகத் திரும்பிய நாளா, மனைவி வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் பேசிய இரவா? பிறகு அந்த நேரத்தை வெறுமையாக விடாதீர்கள். ஆவி புறப்பட்டுப்போன வீடு பெருக்கி ஜோடித்து வெறுமையாயிருந்தபடியால்தான் அது வேறு ஏழு ஆவிகளோடு திரும்பி வந்தது என்று மத்தேயு 12இல் இயேசு சொன்னார்.

இதையெல்லாம் யாரிடம் அறிக்கையிடுவது? எங்கள் ஊர் சின்னது. காலையில் சொன்னால் மாலையில் சந்தைக்குப் போய்விடும்.

பயம் நியாயமானது. ஆனாலும் யாக்கோபு 5:16 "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்கிறது. சபை முழுவதற்கும் ஒலிபெருக்கியில் அறிக்கையிடச் சொல்லவில்லை. கத்தோலிக்கருக்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது. அங்கே கேட்டதைக் குரு எக்காரணத்தாலும் வெளியிட முடியாது. மெதடிஸ்தருக்கும் பழைய முறையொன்று உண்டு. 1814இல் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் மெதடிஸ்த ஊழியத்தைத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே, 1738இல், ஜோன் வெஸ்லி சிறு குழுக்களுக்கு விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாரமும் கேட்க வேண்டியவற்றில் முதலாவது, கடந்த கூட்டத்துக்குப் பிறகு நீ அறிந்து செய்த பாவம் எது என்பது. நான்கைந்து பேர், ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாக. இன்று நம்மிடம் கூட்டங்கள் பெருகியிருக்கின்றன, அந்தக் கேள்வி காணாமற்போயிருக்கிறது.

ஒருவரைத் தெரிவுசெய்யும்போது அவர் மற்றவர்களைப் பற்றி உங்களிடம் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். மற்றவர் இரகசியத்தை ஜெபக்குறிப்பாக்கி உங்களிடம் சொல்பவர், உங்களுடையதையும் இன்னொரு வீட்டில் ஜெபக்குறிப்பாக்குவார்.

இறந்துபோன அப்பாவின் குற்றத்தைப் பேசுவது, தகப்பனைக் கனம்பண்ணு என்ற கட்டளையை மீறுவதாகாதா?

நோவாவின் நிர்வாணத்தை மூடிய பிள்ளைகளை உதாரணம் காட்டிப் பெரியவர்கள் வாயை அடைப்பதுண்டு. அவர்கள் தகப்பனை நகைக்காமல் மூடினார்கள், சரி; ஆனால் அவர் குடித்து வெறிகொண்டதை வேதம் எழுதிவைத்திருக்கிறது. மத்தேயு இயேசுவின் வம்சவரலாற்றை எழுதும்போது, சாலொமோனின் தாயைப் பெயர் சொல்லாமல் உரியாவின் மனைவியாயிருந்தவள் என்று குறிப்பிட்டு, தாவீதின் குற்றத்தை முதலாம் அதிகாரத்திலேயே வைத்துவிட்டார். இரட்சகரின் குடும்பத்தில் மறைக்காததை நம் குடும்பத்தில் மறைக்க என்ன இருக்கிறது? அப்பாவின் உழைப்பையும் சொல்லுங்கள், கையையும் சொல்லுங்கள்.

அடிக்கிற கணவனை மன்னித்து அவருடனேயே இருப்பதுதான் விசுவாசமா?

இல்லை. மன்னிப்பு உங்கள் உள்ளத்தில் நடப்பது. அடிபடாமலிருப்பது உங்கள் உரிமை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அது 12 மாதம் வரைக்கும் வழங்கப்படலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவருக்கானது 1929. பொறுத்துப் போ புள்ள என்று அனுப்பிவைக்கும் சபை மூப்பர், அந்த வீட்டுப் பையனுக்கு அடிப்பது எப்படி என்று கற்றுக்கொடுப்பதில் தானும் பங்காளியாகிறார்.

யுத்தத்தில் பட்டதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால், வெறுப்பையும் சேர்த்துக் கொடுப்பதாகாதா?

சொல்லாமல் விட்டால் மட்டும் அது போவதில்லை. செத்தவர்களின் பெயரையும், நடந்த இடத்தையும், இழந்ததையும் சொல்லுங்கள். "அவன்கள் எல்லாரும் அப்படித்தான்" என்ற ஒரு வாக்கியத்தைச் சேர்க்காமல் சொல்லுங்கள். வெறுப்பு அந்த வாக்கியத்தில்தான் ஏறிப் பயணம் செய்கிறது. கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் வேலியோடு வேலியாக வாழும் ஊர்களில் இதன் பாரம் எல்லாருக்கும் தெரியும். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் பிள்ளைகளை இழந்தவர்களுக்கு மன்னிப்பைப் பற்றிப் பாடம் நடத்த எனக்கு அருகதை இல்லை. அமத்சியா ராஜாவை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். அவன் தன் தகப்பனைக் கொன்றவர்களைத் தண்டித்தான். அவர்களுடைய பிள்ளைகளையோ, மோசேயின் புத்தகத்தில் எழுதியிருந்ததை நினைத்து, தொடவில்லை (2 இராஜாக்கள் 14:5,6). நீதி கேட்பதும் பழி தொடராமல் நிறுத்துவதும் ஒரே மனிதனால் முடிந்திருக்கிறது.

முன்னோருக்காக நான் மன்னிப்புக் கேட்கலாமா?

கேட்கலாம். நெகேமியா 9:2இல் ஜனங்கள் தங்கள் பாவங்களோடு பிதாக்களின் அக்கிரமங்களையும் அறிக்கையிட்டார்கள். அது அவர்களுக்குள் வந்த தடத்தை ஒத்துக்கொள்வது. இறந்தவர்களின் கணக்கைத் தீர்ப்பதல்ல. முன்னோரின் பாவத்திலிருந்து குடும்பத்தை விடுவிப்பதாகச் சொல்லி வம்ச குணமாக்கல் என்ற பெயரில் நடந்த திருப்பலிகளைப் போலந்து ஆயர்கள் 2015இல் தடைசெய்தபோது, ஞானஸ்நானத்தில் மன்னிப்பு முழுமையாகக் கிடைக்கிறது என்பதையே காரணமாகச் சொன்னார்கள்.

என் பக்கத்துச் சொந்தம் எல்லாரும் சைவர்கள். அவர்களை விட்டு விலகினால்தான் விடுதலையா?

விலக வேண்டியது பாவத்தைவிட்டு. உங்கள் அம்மம்மாவின் பொறுமையையும் உபசரிப்பையும் விட்டுவிட்டு, அவர் வீட்டில் இல்லாத பெருமையை நீங்கள் சபையிலிருந்து கொண்டுபோனால் அது புதிய தலைமுறைப் பாவமாகிவிடும்.

நான் திருந்தினால் என் பிள்ளைகள் நிச்சயம் தப்பிப்பார்களா?

அப்படி ஒரு வாக்கை நான் கொடுக்க மாட்டேன். மனாசே 55 வருடம் பொல்லாங்காய் ஆண்டான். அவன் மகன் ஆமோனும் அதே வழியில் போனான். ஆமோனின் மகன் யோசியா எட்டு வயதில் ராஜாவாகி எல்லாவற்றையும் திருத்தினான். அதே யோசியாவின் பிள்ளைகள் மறுபடியும் பழைய வழிக்குத் திரும்பினார்கள். தீமையும் தானாக வருவதில்லை, நன்மையும் தானாக வருவதில்லை. ஆனால் தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடத்திலும் தாய் ஐனிக்கேயாளிடத்திலும் நிலைத்திருந்தது என்று பவுல் எழுதியிருக்கிறார். வாய்க்கால் அந்தப் பக்கமும் வெட்டலாம்.

மூன்று மாதம் குடிக்காமல் இருந்தேன். சித்திரைப் புத்தாண்டில் மச்சான்மாரோடு குடித்துவிட்டேன். எல்லாம் வீண்தானா?

அந்த மூன்று மாதமும் நீங்கள் போட்ட மண். ஓரிடத்தில் உடைத்திருக்கிறது, அவ்வளவுதான். பேதுரு கரிநெருப்பின் அருகே குளிர்காய்ந்துகொண்டு நின்ற இடத்தில் மூன்று தடவை மறுதலித்தான். உயிர்த்தெழுந்த இயேசு திபேரியாக் கடற்கரையில் மறுபடியும் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, அவனை மூன்று தடவை கேட்டார் (யோவான் 18, 21). அதே மணம் மூக்கில் ஏறும் இடத்தில் வைத்துத்தான் கேட்டார்.

இன்றைக்கே, வேறு யாரும் சொல்வதற்கு முன், மனைவியிடம் நீங்களே சொல்லுங்கள். உங்களோடு ஜெபிக்கிறவரிடம் நாளைக்குள் போங்கள். மிச்சம் வைத்திருக்கிற போத்தலைப் பிள்ளைகள் பார்க்கும்படியாகவே ஊற்றிவிடுங்கள். அடுத்த வருடம் ஏப்ரல் 14 அன்று குடும்பமாக எங்கே போவது என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். மச்சான்மார் கூப்பிடத்தான் போகிறார்கள்.